இழந்தவர் எவர்?

பிழையான சொல் ஒன்று நாவில் குடியேறிவிட்டால், நாளடைவில் அது நெஞ்சையும் பிழைபடச் செய்துவிடும். அரபியும் தமிழும் ஓதிக் கொடுப்பதிலேயே முப்பது ஆண்டுகளைச் செலவிட்ட எமக்கு இவ்வுண்மையை உணர்த்தியது, மதரஸாவில் ஓதிய கிதாப் எதுவும் அன்று. எம் சாச்சியார் சுளகும் கையுமாக அமர்ந்தபடி கேட்ட ஒரு கேள்வியே உணர்த்திற்று. அக்கேள்விக்கு நாம் முழு விடை கண்டு சொல்வதற்கு முன்பே அவர்கள் இறையடி சேர்ந்துவிட்டார்கள். காலம் கடந்தேனும் அவ்விடையை வாசகப் பெருமக்கள் முன் வைக்க விழைகிறோம்.

1993-ஆம் ஆண்டின் ரமலான் மாதம் அது. ஓதி முடித்து ஸனது வாங்கும் தறுவாயில் இருந்த நாம் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தோம். 1992 ஏப்ரலில் போஸ்னியாவில் மூண்ட போர் அப்போது உச்சத்தில் இருந்தது. பத்திரிகைகளில் நாள்தோறும் துயரச் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. தராவீஹ் தொழுகைக்குப் பின் அந்த மக்களுக்காக நிதி திரட்டுவதென்றும், அதற்கு முன் பயான் ஒன்று செய்வதென்றும் ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்து, இளம் ஆலிமாக வரவிருந்த எம்மிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

நாம் உணர்ச்சி பொங்கப் பேசினோம். "அங்கே நம் சகோதரிகள் ஆயிரமாயிரவர் கற்பிழந்து, மானமிழந்து நிற்கிறார்களே!" என்று ஒலிபெருக்கி அதிர முழங்கினோம். பள்ளிவாசலில் விம்மல் ஒலி எழுந்தது. வீடுகளில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் கைக்குட்டையில் முடிந்து காதணிகளையும் மோதிரங்களையும் அனுப்பி வைத்தார்கள். அன்றிரவு எம் பேச்சாற்றலை எண்ணி நாமே மகிழ்ந்து உறங்கினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாள் அஸருக்குப் பின் சாச்சியார் வீட்டிற்குச் சென்றோம். இளமையிலேயே கணவரை இழந்து, தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடம் சென்றவர்கள் அல்லர். நோன்புக் கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் எம்மைக் கண்டதும் கை நிறுத்தாமலேயே கேட்டார்கள்.

"மவனே, ராத்திரி மைக்குல பயான் கேட்டேன். நல்லாத்தான் பேசுனே. ஒண்ணுதான் வெளங்கலே. அந்தப் பொண்ணுங்க மானத்தை இழந்துட்டாங்கன்னு சொன்னியே, மானத்தை இழக்குறாப்புல அவங்க என்ன பண்ணுனாங்க?"

"அப்படிச் சொல்றதுதானே வழக்கம், சாச்சி?" என்றோம்.

"பண்ணுனவன் அவன். மானம் போனது இவளுக்கா? வழக்கம்னு சொல்லாதே. வூட்டுக்குள்ள உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்கள்ல யாருக்கு என்ன நடந்திருக்கோ, அல்லாஹ்தான் அறிவான். அவ மனசு என்ன பாடுபட்டிருக்கும்?"

எம்மால் பதில் கூற இயலவில்லை. நோன்பு திறக்கும் நேரம் ஆயிற்று என்று சாக்குச் சொல்லி எழுந்து வந்துவிட்டோம். ஆயினும் அக்கேள்வி எம்மை விட்டு எழுந்து போகவில்லை.

விடுமுறை கழிந்து மதரஸா திரும்பியதும் எம் உஸ்தாதிடம் நாம் ஓதிய பாடம் ஃபிக்ஹு கிதாபில் 'கஸ்ப்' என்னும் பாடமாக அமைந்தது. பிறர் உரிமையை அத்துமீறிக் கைக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். ஒருவருடைய குடத்தையோ குதிரையையோ நிலத்தையோ ஒருவன் பலவந்தமாகப் பறித்துக்கொண்டால், பறித்தவன் மீது என்னென்ன கடமைகள் ஏறுகின்றன என்பதை அப்பாடம் நுணுக்கமாக வரிசைப்படுத்தும். பறித்ததை அவன் மீட்டுத் தர வேண்டும். அதில் குறை நேர்ந்திருந்தால் ஈடு தர வேண்டும். அவன் கையில் இருந்த காலத்திற்கு வாடகையும் தர வேண்டும். எவ்வளவு காலம் கடந்தாலும் உடையவரின் உரிமை போய்விடாது. பாடம் முழுவதும் குற்றத்தின் சுமை பறித்தவன் தோளிலேயே ஏற்றப்படுகிறது. பறிகொடுத்தவரை நோக்கி, "நீ ஏன் பறிகொடுத்தாய்?" என்று ஒரு வரி கூட அங்கே கேட்கப்படுவதில்லை.

இந்த 'கஸ்ப்' என்னும் வேரிலிருந்தே 'இஃக்திஸாப்' என்னும் சொல் பிறந்தது. பெண்ணைப் பலவந்தப்படுத்தும் கொடுமைக்கு இன்றைய அரபியர் வழங்கும் சொல் அதுவே. பெண் உடைமைப் பொருள் அல்லள்; குடத்தோடும் குதிரையோடும் அவளை வைத்து எண்ணுவது எம் கருத்தும் அன்று. ஆனால் ஒரு குடத்தைப் பறித்தவனிடமே இத்தனை பொறுப்பைச் சுமத்தும் சட்டம், ஓர் உயிரின் உடலை அத்துமீறியவனிடம் எவ்வளவு சுமத்த வேண்டும் என்பதே எம் நெஞ்சில் எழுந்த கேள்வி. அந்த அரபுச் சொல்லை உச்சரிக்கும்போதே பார்வை குற்றவாளியை நோக்கித் திரும்புகிறது. நாம் தமிழில் வழங்கிய சொல்லோ 'கற்பழிப்பு'. அது பார்வையைப் பெண்ணை நோக்கித் திருப்புகிறது. அவளிடமிருந்த ஏதோ ஒன்று அழிந்துபோயிற்று என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறது. கற்பு என்பது 'கல்' என்னும் அடியிலிருந்து, கற்றல் என்னும் பொருளில் பிறந்த சொல் என்பர் தமிழறிந்தோர். கற்றதை வாள் முனையில் ஒருவன் பறித்துவிட முடியுமா? இரு மொழிகளையும் ஓதிய நாம் இதனை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எழுத்தறியாத சாச்சியார் எண்ணிப் பார்த்திருந்தார்கள்.

அதன் பின் தேடத் தொடங்கினோம். திருமறையின் சூரத்துந் நூர் 33-ஆம் வசனம், வற்புறுத்தலுக்கு ஆளான பெண்களைக் குறிப்பிடும் இடத்தில் இறைவனின் மன்னிப்பையும் கருணையையுமே நினைவூட்டுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில், தொழுகைக்காகச் சென்றுகொண்டிருந்த ஒரு பெண்மணி வழியில் பலவந்தத்திற்கு ஆளான நிகழ்ச்சியை வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அறிவிக்க, அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்கள் பதிவு செய்துள்ளன. முறையிட வந்த அப்பெண்மணியிடம் நான்கு சாட்சிகள் கேட்கப்படவில்லை. வெளியே ஏன் வந்தாய் என்றும் கேட்கப்படவில்லை. இறைவனின் மன்னிப்பைக் கூறி, எக்குற்றமும் சாட்டாது அனுப்பி வைத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பலவந்தப்படுத்தப்பட்ட பெண்களுக்கென்றே ஒரு பாடம் உண்டு. அவளுக்குத் தண்டனை இல்லை என்பதும், கொடியவன் அவளுக்கு மஹர் தொகையை ஈடாகத் தர வேண்டும் என்பதும் அங்கே சொல்லப்படுகின்றன. ஹிஜ்ரி 543-இல் மறைந்த ஸ்பெயின் நாட்டு நீதிபதி காழி இப்னுல் அரபி (ரஹ்) ஒரு படி மேலே சென்றார்கள். பயணக் கூட்டத்தினரைத் தாக்கி ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்றவர்களின் வழக்கு அவர்கள் முன் வந்தபோது, பொருளைப் பறிப்பது மட்டுமே 'ஹிராபா' என்னும் கொடுங்குற்றம் என்று சில முஃப்திகள் வாதிட்டனர். பெண்ணைப் பலவந்தப்படுத்துவது பொருளைப் பறிப்பதினும் கொடிய ஹிராபா என்று காழி அவர்கள் அடித்துக் கூறிவிட்டார்கள்.

இத்தனையும் நம் நூல்களில் இருக்கின்றன. ஆயினும் நூலில் இருப்பது வேறு. நாட்டில் நடப்பது வேறு. அவதூற்றிலிருந்து பெண்ணைக் காப்பதற்காக வந்த நான்கு சாட்சி விதியை, கொடுமையை முறையிட வந்த பெண்ணின் மீதே திருப்பிய அவலம் பாகிஸ்தானில் 1979-இல் வந்த ஹுதூத் சட்டத்தின் கீழ் நிகழ்ந்தது. அதைத் திருத்த 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

போஸ்னியாவிற்குத் திரும்புவோம். அங்கே போர்க்காலத்தில் 20,000 முதல் 50,000 வரையிலான பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர் என்பது மதிப்பீடு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். திரினா ஆற்றங்கரையில் ஃபோச்சா என்றொரு நகரம். 1992-இல் அது செர்பியப் படையினரின் கையில் விழுந்தபின், பெண்களும் சிறுமியரும் உயர்நிலைப் பள்ளியிலும், 'பார்ட்டிசான்' என்னும் விளையாட்டு மண்டபத்திலும் அடைத்து வைக்கப்பட்டனர். இரவுதோறும் படைவீரர்கள் வந்து அவர்களை இழுத்துச் சென்றனர். சிலர் வீடுகளில் மாதக் கணக்கில் அடிமைகளாக வைக்கப்பட்டனர், சிலர் விற்கப்பட்டனர். அந்த விளையாட்டு மண்டபம் காவல் நிலையத்திற்கு அருகிலேயே இருந்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகிறது.

அதே ஊரில் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த அலாஜா என்னும் அழகிய பள்ளிவாசல் இருந்தது. 1992-இல் அதுவும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பின்னாளில் அதன் கற்களைத் தேடியெடுத்து, பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பி, 2019-இல் தொழுகைக்குத் திறந்தார்கள். அச்செய்தியைப் படித்தபோது எமக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. பள்ளிவாசலைத் தகர்த்தவனை உலகம் பழித்தது. தகர்க்கப்பட்ட பள்ளிவாசலைப் பார்த்து, "இது மானமிழந்தது, இனி இதற்கு நம் ஊரில் இடமில்லை" என்று யாரேனும் சொன்னார்களா? இல்லை. முன்னினும் கண்ணியப்படுத்தி அதனை மீட்டெடுத்தார்கள். அல்லாஹ்வின் இல்லத்தினும் ஒரு முஃமினின் கண்ணியம் பெரிது என்று மேடைதோறும் பேசுகிறோமே! கல்லுக்குக் காட்டிய நீதியை உயிருக்குக் காட்ட நமக்கு ஏன் மனம் வருவதில்லை?

உலகச் சட்டமும் இவ்விஷயத்தில் மெல்ல மெல்லவே கற்றுக்கொண்டது. 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் போரில் பெண்களைப் பலவந்தத்திலிருந்து காக்க வேண்டும் என்றது உண்மையே. ஆனால் அதனையும் 'மானத்தின் மீதான தாக்குதல்' என்ற வகையிலேயே எண்ணியது. எம் பயானில் இருந்த அதே பிழை! 1993-இல் முன்னாள் யூகோஸ்லாவியாவிற்கென ஐக்கிய நாடுகள் சபை அமைத்த நீதிமன்றம் வேறு வழியில் நடந்தது. கொடுமைக்கு ஆளானவளின் சாட்சியத்தை மெய்ப்பிக்க வேறு சாட்சி தேவையில்லை என்றும், அவளது பழைய வாழ்க்கையைக் கிளறக் கூடாது என்றும் விதி வகுத்தது. 2001 பிப்ரவரி 22 அன்று ஃபோச்சா வழக்கில் மூவருக்கு முறையே 28, 20, 12 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. அத்தீர்ப்பில், பலவந்தம் என்பது ஒரு மனிதப் பிறவியின் சுய விருப்பத்தை மீறிய குற்றம் என்று விளக்கப்பட்டது. சிறைப்பட்டவளின் மௌனத்தை இசைவு என்று காட்டிய வாதம் எடுபடவில்லை. அந்த நீதிமன்றத்தில் முகம் மறைத்து, பெயர் மறைத்து, தமக்கு இழைக்கப்பட்டதை எடுத்துரைத்த போஸ்னியப் பெண்களால்தான் இச்சட்டம் பிறந்தது.

போஸ்னியக் கூட்டமைப்புப் பகுதியில் 2006-இல் சட்டம் திருத்தப்பட்டு, இப்பெண்கள் போரின் பாதிப்பாளர்களாகத் தனியே அங்கீகரிக்கப்பட்டனர். மாத உதவித்தொகை பெறும் உரிமையும் கிடைத்தது. அவர்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கோ இன்னும் பல ஆண்டுகள் எவ்வித அங்கீகாரமும் வாய்க்கவில்லை. 2022-இல்தான் பிர்ச்கோ மாவட்டம் அவர்களையும் பாதிப்பாளர்களாக ஏற்றது.

இதுவரை எழுதியது எளிது. பிறர் செய்த கொடுமையைப் பற்றி எழுதுவது எவருக்கும் எளிது. இனி எழுதப் போவதற்காகவே பேனாவை எடுத்தோம்.

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பத்திரிகையில் ஒரு மறைவுச் செய்தி கண்டோம். பங்களாதேஷைச் சேர்ந்த ஃபிர்தௌசி பிரியபாஷிணி என்னும் சிற்பி காலமானார் என்றது அச்செய்தி. காய்ந்த வேர்களையும் ஒதுக்கப்பட்ட மரத்துண்டுகளையும் கொண்டு சிற்பம் செய்தவர் அவர். 1971-ஆம் ஆண்டுப் போரில் பாகிஸ்தான் படையினரின் கொடுமைக்கு ஆளாகி, ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து, 1999-இல் அதனைத் தம் பெயரோடு ஊரறியச் சொன்னவர். அவருக்கு 'பீராங்கனா' என்னும் பட்டம் உண்டு என்றும் எழுதியிருந்தது. வங்க மொழியில் வகரம் பகரமாக ஒலிக்கும். நம் 'வீராங்கனை' என்னும் சொல்லே அது.

அன்று எம்மைத் திடுக்கிடச் செய்தது ஒன்றுதான். போஸ்னியாவைப் பற்றி எத்தனையோ முறை பயான் செய்திருக்கிறோம். 1971-ஐப் பற்றி ஒரு முறை கூட வாய் திறந்ததில்லை. எம் உஸ்தாதுமார்கள் பேசியும் நாம் கேட்டதில்லை. மதரஸா நூலகத்தின் அலமாரிகளிலும் அதுபற்றி ஒரு சிறு நூல் இருக்கவில்லை. மூத்த ஆலிம் ஒருவரிடம் இது பற்றிக் கேட்டோம். அவர் தலை குனிந்து, "இரு பக்கமும் நம்மவர்கள், மேடையில் எப்படிப் பேசுவது, ஹஜ்ரத்?" என்றார். அவரைக் குறை கூற எமக்கு என்ன தகுதி? நாமும் அவ்வாறே வாளாவிருந்தவர் அல்லவா?

நடந்தது இது. 1971 மார்ச் 25 இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ நடவடிக்கை தொடங்கிற்று. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் கொடுமைக்கு ஆளான பெண்கள் இரண்டு லட்சம் என்று பங்களாதேஷ் அரசு கூறிற்று. கணக்கில் கருத்து வேறுபாடு உண்டு. கொடுமை நடந்ததில் ஐயமில்லை. முஸ்லிம் பெண்களும் இந்துப் பெண்களும் ஒருசேர ஆளாயினர். செய்தவர்கள் நம்மைப் போல் கலிமா சொல்பவர்கள். அவர்களுக்குத் துணை நின்ற உள்ளூர்வாசிகளும் அத்தகையோரே. வங்காளியர் தரப்பினர் உருது பேசும் பீஹாரிப் பெண்களுக்கு இழைத்த கொடுமையும் உண்டு. அதைப் பேசுவோர் இன்னும் குறைவு.

போர் முடிந்த ஒரே வாரத்தில், 1971 டிசம்பர் 22 அன்று, புதிய அரசு இப்பெண்களுக்குப் பீராங்கனா என்னும் பட்டத்தை அறிவித்தது. அவர்களுக்காக மறுவாழ்வு வாரியம் அமைந்தது. தந்தை பெயர் கேட்டால் தம் பெயரைச் சொல்லுமாறு ஷேக் முஜிபுர் ரஹ்மான் கூறினார் என்பர். நல்ல எண்ணத்துடன் தரப்பட்ட பட்டம்தான். ஆனால் பட்டத்தை அரசு கொடுக்கலாம். வாசற்கதவை வீட்டார் அன்றோ திறக்க வேண்டும்? பல தந்தையர் மகளை ஏற்கவில்லை. பல கணவர்மார் மனைவியை ஏற்கவில்லை. மணந்துகொள்ள முன்வந்தவர்களுள் சிலர் பெருஞ்சீதனம் கேட்டார்கள். ஊரார் பீராங்கனாவைத் திரித்துப் 'பாராங்கனா' என்றார்கள். விலைமகள் என்பது அதன் பொருள். ஓரெழுத்தில் ஒரு கிரீடத்தைச் செருப்பாக்கிவிட்டார்கள்! பிறந்த குழந்தைகளுள் சிலர் 1972-இல் கனடா போன்ற நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். 1975 ஆகஸ்டில் முஜிப் கொல்லப்பட்டபின் மறுவாழ்வு நிலையங்கள் மூடப்பட்டன. அங்கே இருந்த பெண்கள் மீண்டும் தெருவில் நின்றார்கள்.

நீதியின் கதையும் அத்தகையதே. பலவந்தத்தை மனிதகுலத்திற்கு எதிரான குற்றங்களுள் ஒன்றாக எண்ணும் சட்டத்தைப் பங்களாதேஷ் 1973-இலேயே இயற்றியது. ஆனால் விசாரணைக்கென ஒதுக்கப்பட்டிருந்த 195 பாகிஸ்தான் படையினர், 1974-இல் மூன்று நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வழக்கின்றி அனுப்பப்பட்டனர். நாடுகள் ஒன்றையொன்று மன்னித்துக்கொண்டன. அந்தப் பெண்களைக் கேட்டவர் எவருமிலர். மன்னிக்கும் உரிமை உரியவரிடமே இருக்கிறது என்பது நாம் பாலர்களுக்கும் ஓதிக் கொடுக்கும் பாடம். ஹக்குல் இபாதை அடியானன்றி அரசர் எவ்வாறு தள்ளுபடி செய்வார்? 2010-இல்தான் டாக்காவில் தீர்ப்பாயம் அமைந்தது. அதன் நடைமுறை பற்றி உலக அளவில் கடும் குறைகள் சொல்லப்பட்டன. அது விசாரித்தவர்களோ உள்நாட்டினர். அந்த 195 பேருள் ஒருவர் கூட அதன் முன் நிறுத்தப்படவில்லை.

1992 மார்ச் 26 அன்று டாக்காவில் மக்கள் நீதிமன்றம் ஒன்று கூடியது. கிராமத்து ஏழைப் பெண்கள் சிலரை அங்கே அழைத்து வந்தார்கள். அவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. கூட்டம் முடிந்து தலைவர்கள் தம் வீடு சென்றார்கள். அப்பெண்களோ ஊர் திரும்பியதும் ஏச்சுக்கும் ஏளனத்துக்கும் ஆளானார்கள். பேசாதே என்று தடுப்பது ஓர் அநீதி; அவள் விரும்பாத இடத்தில் அவளைப் பேசவைத்துக் காட்சிப் பொருளாக்குவது மற்றோர் அநீதி. சொல்வதும் சொல்லாதிருப்பதும் அவளது உரிமை. 2015 அக்டோபரில் பங்களாதேஷ் அரசு முதற்கட்டமாக 41 பீராங்கனாக்களை விடுதலைப் போராளிகளாக ஏற்று உதவித்தொகை அறிவித்தது. போர் முடிந்து 44 ஆண்டுகள்! இருபது வயதில் பறிகொடுத்தவளுக்கு அறுபத்து நான்கு வயதில் ஈடு! அதுவரை உயிரோடிராதவர்களுக்கு யார் ஈடு செய்வார்?

நம்மவர் என்று மூடி மறைத்ததன் விளைவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2014 ஆகஸ்டில் ஈராக்கின் ஸிஞ்சார் மலையடிவாரத்தில் உலகம் கண்டது. அங்கே யஸீதிப் பெண்களைப் பிடித்து, அடிமைகள் என்று விலை கூறி விற்ற கூட்டம், நாம் ஓதிக் கொடுக்கும் கிதாபுகளின் பெயரையே தன் கொடுமைக்குத் துணைக்கழைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட இஸ்லாமிய அறிஞர்கள் பகிரங்கக் கடிதம் வெளியிட்டு, அடிமை முறையை மீண்டும் கொண்டுவருவது ஹராம் என்று மறுத்துரைத்தார்கள். அக்கடிதம் எமக்கு ஆறுதல் தந்தது. ஆயினும் வகுப்பில் ஒரு மாணவர், "உஸ்தாத், அக்கடிதம் வரும் முன்பே நாம் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?" என்று கேட்டபோது, மீண்டும் சாச்சியார் முன் நின்றது போலவே நின்றோம். யஸீதிகளின் ஆன்மிகத் தலைவர் பாபா ஷேக், மீண்டு வந்த பெண்களைக் களங்கமற்றவர்களாக ஏற்குமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். 2021 மார்ச் 1 அன்று ஈராக் நாடாளுமன்றம் அவர்களுக்கு ஊதியமும் நிலமும் கல்வியும் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கும் பிள்ளைகளின் விஷயம் தீர்க்கப்படாமலே நின்றது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது இறைநெறி. ஆயினும் தந்தையின் குற்றத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதில் உலகோர் எல்லோரும் ஒன்றாகவே நிற்கிறார்கள்.

ஆகவே, மீண்டு வந்த பெண்ணுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் யாது? அவள் சொல்லை நம்புதல் முதற்கடன். அவள் பெயரை அவள் அனுமதியின்றி வெளியிடாதிருத்தல் அடுத்தது. மருந்தும் மனத்துக்குச் சிகிச்சையும், பிறர் கையை எதிர்பாராத பிழைப்பும், பிள்ளைக்குப் பள்ளியில் கேள்வியின்றி இடமும், குற்றவாளிக்கு விசாரணையும் அவளுக்கு உரியவை. இவற்றுள் எதுவும் தர்மம் அன்று. கஸ்பின் பாடத்தில் சொல்லப்பட்டது போல, உடையவரிடம் மீள வேண்டிய உரிமை. 1993-இல் நாம் திரட்டியதை ஸதகா என்று எண்ணிக் கொடுத்தோம். கடன் என்று எண்ணிக் கொடுத்திருக்க வேண்டும்.

சாச்சியார் 2009-இல் காலமானார்கள். அவர்களின் கேள்விக்கு இப்போது எம்மிடம் விடை உண்டு. மானத்தை இழந்தவன் கொடுமை செய்தவன். அவனைக் காத்தவர்களும், மீண்டு வந்தவளைக் கண்டு கதவைச் சாத்தியவர்களும், செய்தவர் நம்மவர் என்பதற்காக வாய்மூடி நின்ற எம்மைப் போன்றவர்களும் அவரவர் அளவுக்கு இழந்தவர்களே. அந்தப் பெண்களிடம் மட்டும் அது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இப்போதெல்லாம் கஸ்பின் பாடம் வரும்போது, அந்தப் பழைய தமிழ்ச் சொல்லை மாணவர்கள் எழுதினால் அடித்துவிட்டு, 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதச் செய்கிறோம். சிலர் இதனைச் சிறு திருத்தம் என்று எண்ணுகிறார்கள். இருக்கட்டும். பெரிய திருத்தம் ஒன்று எம்மிடமே பாக்கியிருக்கிறது. டாக்காவின் பெண்களைப் பற்றி மிம்பரில் நாம் இன்னும் பேசவில்லை, இங்கே எழுதிவிட்டோம். எழுதியதைப் பேசுவதற்கும், எந்த வீட்டினுள்ளோ அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் மனம் நோகாதபடி பேசுவதற்கும் வல்ல அல்லாஹ் எமக்கும் நம் அனைவருக்கும் துணிவும் நாவடக்கமும் ஒருசேர அருள்வானாக! ஆமீன்.